செயலாளர் ஆண்டறிக்கை – குடியிருப்போர் நலச்சங்கம், ராணிப்பேட்டை

தலைவர் அண்ணனுக்கும், வந்திருக்கிற கொஞ்சம் பேருக்கும் வணக்கம். ரெண்டு தரம் கொடி ஏத்தினோம், பொங்கலுக்கு கோலப்போட்டி வச்சோம், தெருவிளக்குக்கு மனு குடுத்தோம், பாதி எரியுது.

இப்போ நம்ம தண்ணில கலக்கற குரோமியம் விஷயம். வருஷம் பூரா இதையேதான் புடிச்சிட்டு தொங்கணுமான்னு குரூப்ல கேட்டீங்க. 90-கள்ல மூடிட்டுப் போன கம்பெனி, தோல் பதனிட குரோம் உப்பு பண்ணிட்டு மிச்ச கழிவை சிப்காட்லயே லட்சக்கணக்கான டன் கொட்டிட்டுப் போயிடுச்சு, மழை பெஞ்சா அதுலேந்து மஞ்சத்தண்ணி வடியுது. 2006-ல உலகத்துலயே மோசமா மாசுபட்ட 10 இடத்துல நம்ம ஊரையும் சேத்தாங்க, பசுமைத் தீர்ப்பாயம் வரை கேஸும் போச்சு.

"காய்ச்சி குடிச்சா போதும் சார்"ங்கறாங்க. காய்ச்சினா கிருமிதான் சாகும், தண்ணி சுண்ட சுண்ட குரோமியம் இன்னும் அடர்த்தியாகும். குடிதண்ணில லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் அனுமதி, மஞ்சளா கண்ணுக்கே தெரியுதுன்னா அதை எப்பவோ தாண்டியாச்சு, தெளிவா இருந்தாலும் நம்ப முடியாது. அன்னபேதி (இரும்பு உப்பு) கலந்தா, தண்ணில கரைஞ்சு வர்ற விஷமான ஆறாம் நிலை குரோமியம் அவ்வளவா கரையாத மூணாம் நிலைக்கு மாறும், வாஸ்தவம்தான், ஆனா மேல குவியலை அப்படியே விட்டுட்டு கீழ நிலத்தடித் தண்ணிக்கு மட்டும் வைத்தியம் பண்ணா மறுபடி மறுபடி ஊறி வரும். அள்ளணும், இல்ல மழை உள்ள எறங்காம மூடணும்.

அதுக்கு நம்ம கைல கணக்கு வேணும்னுதான் கிணறு, போர் எல்லாத்துலயும் சாம்பிள் எடுக்க ஏற்பாடு பண்ணேன். பேர் குடுத்தவங்க பல பேர் ஞாயித்துக்கிழமை போனே எடுக்கல. சில வீட்ல கேட்டையே தொறக்கல, ரிசல்ட் வெளிய வந்தா மனை விலை எறங்கிடுமாம். அதே வீட்லதான் கேன் தண்ணி வாங்கி குடிக்கறாங்க, அதையும் பாத்துட்டுதான் வந்தேன்.

வரவு செலவு ஏறக்குறைய நேரா இருக்கு, விவரம் பொருளாளர்கிட்ட. சந்தா பாக்கி யார் யாருன்னு படிக்கல, அவங்கள்ல முக்கால்வாசி பேர் இன்னிக்கும் வரல. ஹால் குடுத்தவங்களுக்கும் டீ செலவு ஏத்துக்கிட்டவருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் வேற யாராவது இந்த பொறுப்பை எடுத்துக்கங்க, சந்தோஷமா நோட்டை குடுத்துடறேன். யாரும் முன்வரலன்னா, சரி, பாக்கலாம். ஆனா ஐப்பசி மழைக்கு முன்னாடி மிச்ச கிணறுகளையும் முடிச்சாகணும், லேப்ல முன்பணம் கேக்கறாங்க. பொருளாளர் வாசல் பக்கம்தான் உக்காந்திருக்கார், ஜிபேயும் வாங்கிப்பார்.