தடுப்புக் கம்பியும் தகுதிச் சோதனையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய சாலைப் பாதுகாப்பு பற்றிய கட்டுரையில் பைக் ஓட்டுநர்களின் கூட்டமைப்பான ஃபெமா விடுபட்டுவிட்டது. இரண்டு அமைப்புகள் 1998-இல் இணைந்து உருவான இது, பிரஸ்ஸல்ஸில் அலுவலகம் வைத்து ஐரோப்பிய ஆணையத்திடமும் எம்.பி.க்களிடமும் வாதாடி வருகிறது. சாலையோர இரும்புத் தடுப்பு காரைத் தாங்கிவிடும். சறுக்கி விழுந்த பைக்காரர் அதன் அடியில் புகுந்து தூணில் மோதுவார். கீழேயும் ஒரு தகடு பொருத்துங்கள் என்று ஃபெமா விடாமல் கேட்டது நியாயம்தான். ஆனால் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்குக் கட்டாயத் தகுதிச் சோதனை என்றதும் எதிர்த்தார்களே, தேய்ந்த டயருக்காகவா அத்தனை வாதம்? இந்தச் சோதனைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 உத்தரவு, மாற்றுப் பாதுகாப்பு ஏற்பாடு செய்த நாடுகளுக்கு விலக்கு தந்தது. பிரான்ஸில் சோதனை தொடங்கவே 2024 ஏப்ரல் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்