இகீக்கேயில் எங்களை இறக்கிவிட்டவர்களுக்கு

கப்பலின் கரைச்சுற்றுலாப் பிரிவினருக்கு வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறு கப்பல்களில் போய்வந்தவர்களும் இதே கதையைத்தான் சொன்னார்கள். அதனால் இந்த மடல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை. முப்பத்தோரு வருடம் கரும்பலகையில் ‘சிலி வெடியுப்பு – சோடியம் நைட்ரேட்’ என்று எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு மதிப்பெண் கேள்வி அது. அந்த உப்பு சிலியில் எங்கே கிடைக்கிறது, யார் வெட்டினார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் முழித்திருப்பேன். மகள் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தபோது, கப்பல் நிற்கும் ஊர்களின் பட்டியலில் வடசிலியின் இகீக்கே இருந்தது. அந்த உப்பு மூட்டை மூட்டையாகக் கப்பலேறிய துறை அது என்று தெரிந்தபின் மற்ற ஊர்களின் பெயரை நான் சரியாகக்கூடப் படிக்கவில்லை.

காலை எட்டு மணிக்குக் கரை. மாலை ஐந்தரைக்குள் எல்லோரும் ஏறியாக வேண்டும். ஒன்பதரை மணி நேரத்தில், வெடியுப்பு வெட்டிக் காய்ச்சிய, இப்போது ஆளில்லாத ஹம்பர்ஸ்டோன் உப்பூருக்கு நீங்கள் ஒதுக்கியது 45 நிமிடம். தீர்வையில்லாக் கடைவளாகத்துக்கு ஒன்றரை மணி நேரம்! 1975 முதல் இகீக்கே தீர்வையில்லா வணிக மண்டலம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே விற்கும் செண்டும் கைக்கடிகாரமும் உங்கள் கப்பலின் ஐந்தாம் தளத்திலேயே இருக்கின்றன. ஒரு சிந்திக்காரர் கடையில் அரைகுறை இந்தியில் பத்து நிமிடம் பேசினேன். அங்கே எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

முந்தின இரவு அறைக் கதவுக்கடியில் நீங்கள் தள்ளிவிட்டுப் போன துண்டுத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பழக்கதோஷம், சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டேன். முதல் திருத்தம்: ‘உப்பு தீர்ந்துபோனதால் ஊர் காலியானது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. உப்பு தீரவில்லை. காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் வழியை ஜெர்மன் வேதியியலாளர் ஹாபர் காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவ் ஆலையில் அது தொழிலாகவே நடக்கத் தொடங்கியது. அந்த அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்டும் செய்துகொள்ளலாம் என்றான பிறகு, பூமியின் மறுகோடியில் போய்ப் பாலைவனத்தை வெட்டிக் கப்பலில் கொண்டுவர வேண்டிய அவசியம் மெல்ல மெல்ல இல்லாமல் போயிற்று. ஹம்பர்ஸ்டோன் 1960 வரை எப்படியோ இழுத்துக்கொண்டு கிடந்து பிறகுதான் மூடியது. ஹாபர் முறையையும் சிலி வெடியுப்பையும் நான் இரண்டு தனித்தனிப் பாடமாக நடத்தியவள். ஒன்று மற்றதன் கழுத்தை நெரித்தது என்பது அந்த வெயிலில் நின்றபோதுதான் உறைத்தது.

பேருந்து மலைச்சுவரில் ஏறும்போது கீழே ஊரை ஒட்டியே ஒரு பெரிய மணல்மேடு படுத்திருக்கிறது. செர்ரோ திராகோன், டிராகன் குன்று. அதன் காலடி வரை வீடுகள். மேலே போனால் ஒரு புல்கூடக் கிடையாது. 1835 ஜூலையில் டார்வின் இந்தத் துறையில் இறங்கியபோது குடிதண்ணீரே வடக்கே பிசாகுவாவிலிருந்து படகில் வந்து விலைக்கு விற்றது. இந்த வறட்சிதான் உப்பைக் காப்பாற்றியது. சோடியம் நைட்ரேட் தண்ணீரைக் கண்டால் நிற்காது. நம் ஊர் ஐப்பசி மழை ஒன்று பெய்திருந்தால் போதும், மொத்தமும் கரைந்து கடலுக்குப் போயிருக்கும்.

ஹம்பர்ஸ்டோனுக்குப் பக்கத்து உப்பூரான சாந்தா லௌராவில் வண்டியை நிறுத்தி, ‘படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம்’ என்றார் உங்கள் வழிகாட்டி. பாவம், அவர் உங்கள் அட்டவணைக்குக் கட்டுப்பட்டவர். அங்கேதான் காய்ச்சும் ஆலை நிற்கிறது. காலிச்சே என்ற உப்புமண்ணை உடைத்து, பெரிய இரும்புத் தொட்டிகளில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். நைட்ரேட் சுடுநீரில் ஏராளமாகக் கரையும், ஆறினால் படிகமாகப் பிரியும். அவ்வளவுதான் சூத்திரம். சோடா ஆலைகளுக்காக இங்கிலாந்தில் உருவான ஷாங்க்ஸ் முறையை, ஜேம்ஸ் தாமஸ் ஹம்பர்ஸ்டோன் என்ற ஆங்கில வேதியியலாளர் 1870களில் இந்த மண்ணுக்குப் பொருத்தினார். 1862இல் லா பால்மா என்று தொடங்கிய ஊருக்குப் பிற்பாடு அவர் பெயரே வைத்தார்கள். (உலகத்திலேயே அதிகமாக அயோடின் எடுக்கும் நாடு இன்றும் சிலிதான், அதுவும் இதே காலிச்சேயிலிருந்து. இதை நடத்தாமலே ஓய்வுபெற்றதில் எனக்கு வருத்தம் உண்டு.) 2005இல் யுனெஸ்கோ இரண்டு ஊர்களையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கூடவே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும் போட்டது. அதிலிருந்து எடுத்தது 2019இல்தான். ஹம்பர்ஸ்டோனில் நாடகக் கொட்டகை இருக்கிறது, இரும்புத் தகட்டால் செய்த நீச்சல் குளம் இருக்கிறது, ‘புல்பெரியா’ என்ற கம்பெனிக் கடையும் இருக்கிறது. நீச்சல் குளத்தில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தீர்கள். கடையைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அந்தக் கடைதான் விஷயம். தொழிலாளிக்குக் கூலியாகக் கம்பெனி தன் பெயர் பொறித்த வில்லைகளைக் கொடுக்கும். ‘ஃபிச்சா’ என்பார்கள். ஒரு கம்பெனியின் வில்லை அதன் கடையில்தான் செல்லும், வெளியே மாற்றினால் மதிப்புக் குறையும். வெடியுப்பு விற்பது பவுண்டில், கூலி கிடைப்பது மதிப்பு சரிந்துகொண்டே போகும் காகிதப் பெசோவில். 1907 டிசம்பரில் உப்பூர்களில் வேலையை நிறுத்திவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு ஆயிரக்கணக்கானோர் பாலைவனத்திலிருந்து இகீக்கேவுக்கு இறங்கி வந்தார்கள். சிலிக்காரர்கள், பெருவியர், பொலிவியர் எல்லோரும் கலந்த கூட்டம். அவர்கள் எழுதிக் கொடுத்த கோரிக்கைகளைப் பிற்பாடு தேடிப் படித்தேன். கூலி ஒரு பெசோவுக்கு 18 பென்ஸ் மதிப்பில் நிலைக்க வேண்டும். வில்லையை முழு மதிப்புக்கு மாற்றித் தர வேண்டும். எடை சரியா என்று பார்க்கக் கடைக்கு வெளியே ஒரு தராசு வைக்க வேண்டும். இரவுப் பள்ளிக்கு இடம் வேண்டும். கொதிக்கும் தொட்டிகளின் மேல் இரும்புக் கம்பிவலை போட வேண்டும்.

கடைசியில் சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கம்பிவலை கேட்கிறார்கள் என்றால், உள்ளே விழுந்தவர்கள் இருந்தார்கள் என்று பொருள். ‘படம் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்கள் நிறுத்திய அதே மாதிரித் தொட்டி. நைட்ரேட்டின் கரைதிறன் வெப்பநிலையோடு உயரும் என்று வளைகோடு வரைந்து முழு மதிப்பெண் வாங்கிக் கொடுத்த ஆசிரியை நான். அந்த வளைகோட்டுக்குள் மனிதர்கள் விழுந்திருப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வந்தவர்களைத் தங்க வைத்த இடங்களில் முக்கியமானது சாந்தா மரியா பள்ளி. டிசம்பர் 21 பிற்பகல், குதிரைப் பந்தய மைதானத்துக்கு நகரும்படி உத்தரவு வந்தது. அவர்கள் மறுத்தார்கள். ஜெனரல் ரொபெர்த்தோ சில்வா ரெனார்த் சுட உத்தரவிட்டார். அரசுத் தரப்புக் கணக்கு நூற்றுச் சொச்சம் என்றது, இரண்டாயிரத்துக்கும் மேல் என்பாரும் உண்டு. அந்தக் கணக்கு இன்றுவரை தீரவில்லை.

இந்தப் பள்ளி பற்றி உங்கள் தாளில் ஒரு வரி கிடையாது. எஸ்மெரால்டா கப்பலுக்கு அரைப்பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். அதைத் தவறென்று சொல்லமாட்டேன். பயணிகள் இறங்கும் துறைக்குப் பக்கத்திலேயே 2011இல் திறந்த அதன் மாதிரிக் கப்பல் நிற்கிறது, நன்றாகவும் செய்திருக்கிறார்கள். 1879 மே 21 அன்று சிலியின் மரக்கப்பலான எஸ்மெரால்டாவைப் பெருவின் இரும்புக் கவசக் கப்பல் உவாஸ்கார் மூன்று முறை முட்டி மூழ்கடித்தது. எதிரியின் தளத்தில் குதித்து மாண்டார் சிலித் தளபதி அர்த்தூரோ பிராத். அவருடைய உடைமைகளைச் சேகரித்து, ஒரு கடிதமும் எழுதி அவர் மனைவிக்கு அனுப்பிவைத்தார் பெருவின் தளபதி மிகேல் கிராவ். புறநானூறு படித்தவர்களுக்கு இந்த மாதிரி எதிரியைப் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. ஆனால் அந்தப் போர் ஏன் வந்தது என்று எழுதவில்லையே? வெடியுப்புக்கு ஒரு குவிண்டாலுக்குப் பத்து சென்ட் வரி என்று பொலிவியா போட்டதில் மூண்ட சண்டை அது. முடிவில் பொலிவியா கடலையே இழந்தது, பெரு இந்த இகீக்கேயையும் சேர்த்துத் தாராபாகா மாகாணத்தை இழந்தது. காரணத்தை விட்டுவிட்டதால் அந்த அரைப்பக்கத்துக்குப் பாதி மதிப்பெண்தான்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. 1907இல் பள்ளிக்கு எதிரே நிறுத்திய இயந்திரத் துப்பாக்கிகள் ஒரு கடற்படைக் கப்பலிலிருந்து கரைக்கு வந்தவை. மூழ்கிய கப்பலின் நினைவாகப் பெயர் வைத்திருந்த புதிய கப்பல். அதன் பெயரும் எஸ்மெரால்டாதான். ஒரே துறை, ஒரே பெயர், இரண்டு 21ஆம் தேதிகள். ஒன்றுக்குச் சீருடைக் காவலோடு மாதிரிக் கப்பல், நுழைவுச்சீட்டு. மற்றது உங்கள் பேருந்து போகாத தெருவில்.

நான் போனேன். கடைவளாகத்தில் எல்லோரும் இறங்கியதும் சிந்திக்காரரிடமே வழி கேட்டு ஒரு வாடகைக் காரில் ஏறினேன். பழைய பள்ளிக் கட்டடம் இப்போது இல்லை. ஊர்ச் சந்தைக்கு எதிர்ப்புறம் அந்த இடம். சந்தைக்குள் மாம்பழமும் மீனும் மணக்கின்றன. தேன்பாகு தடவி அடுக்கிய பிஸ்கட் மாதிரி, ‘சும்பேக்கே’ என்று ஒரு தின்பண்டம் விற்கிறார்கள், இகீக்கேயின் சொந்தச் சரக்கு. இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு எதிர்ப்புறம் போய்ச் சும்மா நின்றேன். ஒரு பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தாள். புடவை கட்டியவளை அந்தத் தெருவில் எதிர்பார்த்திருக்கமாட்டாள். நான் கட்டடம் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு என் தோளை ஒரு தரம் தட்டிவிட்டுப் போனாள்.

திரும்பும்போது பக்கெதானோ தெரு வழியாக நடந்தேன். மரமே இல்லாத பாலைவனத்தில் தெரு முழுக்க மர வீடுகள், நடைபாதைகூடப் பலகை. வட அமெரிக்காவிலிருந்து வந்த பைன் மரம். வெடியுப்பு ஏற்ற வந்த கப்பல்களில் வந்து சேர்ந்தது என்கிறார்கள். மழைக்குப் பயமில்லாததால் கூரையெல்லாம் மொட்டையாக, வெயிலுக்கு மட்டும் மறைப்பு. இதற்கும் உங்கள் அட்டவணையில் ‘நேரம் இருந்தால்’ என்று போட்டிருந்தது. கப்பல் ஏணியில் நான் ஏறியபோது மணி ஐந்து இருபது. உங்கள் ஊழியர் கடிகாரத்தைக் காட்டி முறைத்தார். முறைத்தது நியாயம்தான்.

கேட்பது பெரிதில்லை. கடைவளாகத்தில் முக்கால் மணி நேரத்தைக் குறைத்துச் சாந்தா லௌராவுக்குக் கொடுங்கள். உப்பூர்க் குடும்பங்களில் பிறந்தவர்கள் இன்றும் இகீக்கேயில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரைப் பேச விடுங்கள். துண்டுத்தாளில் சாந்தா மரியா பள்ளிக்கு நான்கு வரி எழுதுங்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயப்படுகிறீர்களோ? மூழ்கிய கப்பலில் இறந்தவர்களைப் பற்றி அரைப்பக்கம் படித்துவிட்டுத்தான் எல்லோரும் அன்று காலை நன்றாகச் சாப்பிட்டார்கள்.

திருத்திய தாளின் நகலை உங்கள் வரவேற்பு மேசையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ‘கருத்துப் படிவம் செயலியில் இருக்கிறது’ என்றார்கள். செயலியில் ஐந்து நட்சத்திரங்கள்தான் இருந்தன, எழுத இடமில்லை. ஆகவேதான் இந்த மடல்.

என் பழைய மாணவன் ஒருவன் தன் அப்பா அம்மாவை வரும் ஜனவரியில் உங்கள் கப்பலில் அனுப்புகிறான். அவர்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காலையில் முதலில் எஸ்மெரால்டா. பிறகு கடிகாரக் கோபுரம் வரை நடை. அங்கே யாரிடமாவது ‘மெர்காதோ’ என்று கேட்டால் சந்தையைக் காட்டுவார்கள், அதற்கு எதிர்ப்புறம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். எனக்கு இரண்டு பொட்டலம் சும்பேக்கே, எலுமிச்சை போட்டது.

இப்படிக்கு,
உங்கள் பயணி ஒருத்தி