கொல்லிமலைச் சுற்றுலா: வாந்தி வரும் பிள்ளைகளையும் அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சுற்றுலாவுக்கான ஒப்புதல் படிவங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. சிலவற்றில் "பஸ்ஸில் வாந்தி எடுப்பாள், அதனால் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் முதலில் அந்த வீடுகளுக்குத்தான். வகுப்பாசிரியரிடம் படிவத்தைத் திரும்ப வாங்கி மாற்றி எழுதித் தாருங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். அதற்காக ஒரு பிள்ளை ஆகாய கங்கை அருவியைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இது நோயும் இல்லை, செல்லம் கொடுத்ததால் வந்த பழக்கமும் இல்லை. உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்காது மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் கண் முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருந்தால், எதுவும் அசையவில்லை என்று அது சொல்லும். இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டல் வருகிறது. டிரைவருக்கு வாந்தி வராததற்கும் இதுவே காரணம்: வளைவு வருவதைப் பார்க்கிறார், வண்டியைத் திருப்புவதும் அவரே. 2 வயதிலிருந்து 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம், பிறகு பலருக்குத் தானாகக் குறைந்துவிடும்.

ஆகவே உட்காரும் இடம் முக்கியம். முன் இருக்கைகள் வழக்கமாக ஆசிரியர்களுக்குப் போய்விடும். இந்த முறை நாங்கள் பின்னால் உட்காருகிறோம், முன்னால் இந்தப் பிள்ளைகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அதைப் பார்த்துச் சத்தமாக எண்ணிக்கொண்டு வருவதுதான் அவர்கள் வேலை. கண் சாலையிலேயே இருக்கும், பொழுதும் போகும். முடியாதவர்கள் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்ளட்டும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டக் கூடாது என்பதை வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். வளைவில் எதிரே இன்னொரு பஸ் உரசுகிற மாதிரி வரும். வாந்தி சீட்டில் விழுந்தாலும் பரவாயில்லை, தலை உள்ளேதான் இருக்க வேண்டும்.

காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். வெறும் வயிறும் குமட்டும். இரண்டு இட்லி போதும். பூரி, எண்ணெய் ஊற்றிய தோசை, வயிறு நிறையப் பால், இவை அன்று வேண்டாம். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து அனுப்புவதையும் அன்று ஒருநாள் விட்டுவிடலாம். மூடிய பஸ்ஸில் எந்த வாசனையும் தூக்கலாக இருந்தால் பக்கத்துச் சீட்டுக்கும் சேர்த்துப் புரட்டும். எலுமிச்சம்பழம் முகர்வது, இஞ்சி மரப்பா சப்புவது சில பிள்ளைகளுக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை. கொடுத்து அனுப்புங்கள், கெடுதல் ஒன்றும் கிடையாது.

மாத்திரை விஷயம் வேறு. அவோமின் போன்றவை தூக்கத்தைக் கொடுக்கும். வயதுக்கும் எடைக்கும் தகுந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அக்காவுக்கு வாங்கியதில் பாதியை உடைத்துக் கொடுப்பது சரியில்லை. அவர் சொல்லும் நேரத்தில், புறப்படும் முன்பே வீட்டில் கொடுத்துவிடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்கினால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். ஆசிரியர்கள் தாங்களாக எந்த மாத்திரையும் கொடுக்கமாட்டார்கள். வீட்டில் மாத்திரை கொடுத்திருந்தால் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் தாருங்கள். அன்று பிள்ளை தூங்கி வழிந்தால் காரணம் எங்களுக்குத் தெரிய வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அது தொற்றும், இது தொற்றாது.

பிளாஸ்டிக் கவர் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை, தவிர மலையில் எங்கே போடுவது? மூடி இறுக்கமான பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் கிழித்த செய்தித்தாளைப் போட்டு அனுப்புங்கள். ஒரு செட் மாற்றுத்துணி, ஒரு பழைய துண்டு, தண்ணீர் பாட்டில். பஸ்ஸில் மரத்தூள் நிரப்பிய வாளி, கையுறை, சோப்பு நாங்கள் வைத்திருப்போம். கீழே விழுந்தால் மரத்தூளைத் தூவி, அது ஈரத்தை இழுத்ததும் அட்டையால் அள்ளி வாளியில் போட்டு மூடிவிடலாம். ரெக்சின் சீட்டைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். இதைச் செய்வது ஆசிரியர்களும் நானும். கிளீனர் தம்பியின் தலையில் கட்டமாட்டோம், வாந்தி எடுத்த பிள்ளையையும் துடைக்கச் சொல்லமாட்டோம். கேலி செய்து பட்டப்பெயர் வைப்பவர்கள் என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஊர் திரும்புவார்கள். இதையும் உங்கள் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.

ஏறும்போது நன்றாக இருக்கும் பிள்ளை இறங்கும்போது மாட்டிக்கொள்வது உண்டு. மலையில் அன்னாசியும் பலாவும் கண்முன்னே இருக்கும், மதியச் சாப்பாடும் சேர்ந்துவிடும். அதனால் சாப்பிட்டவுடன் வண்டி எடுக்கமாட்டோம். செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நடந்த பிறகுதான் இறங்குவோம். கொட்டாவி, திடீர் அமைதி, நெற்றி வியர்வை, வாயில் ஊறும் எச்சில், இவைதான் முன்னறிகுறிகள். அப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். வெட்கப்பட்டு அடக்கும் பிள்ளைக்குத்தான் டப்பாவைத் திறக்க நேரம் இருக்காது. வாந்தி எடுத்தபின் வாயைக் கொப்பளித்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும்.

சொந்தக் காரில் ஊருக்குப் போகும்போது துணிச் சீட்டில் இப்படி ஆகிவிட்டது, வாடை போகவே இல்லை என்று சில பெற்றோர் கேட்டிருந்தீர்கள். முதலில் அட்டையால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அள்ளுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும், ஒற்றி எடுக்க வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம், பால் கறை அதில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போதும். அப்புறம் சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கதவுகளைத் திறந்து வெயிலில் நிறுத்துங்கள். பலர் மறந்துவிடுவது சீட் பெல்ட்டை. அதை முழுதாக வெளியே இழுத்து மிதமான சோப்பால் துடைத்து, காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். பிளீச்சிங் போட்டால் பெல்ட்டின் நூல் பலம் இழக்கும். பிளீச்சிங்கோடு வினிகரைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும், மூடிய காரில் அது ஆபத்து. கார் சென்ட் அடித்து மறைக்கலாம் என்றால், அடுத்த பயணத்தில் அந்த சென்டே வாந்தியை வரவழைக்கும்.

மாற்றிய படிவங்களை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள். முன் இருக்கை வேண்டுமென்றால் படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்