லாரன் பிரைஸ் கட்டுரையில் விடுபட்ட பாதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேல்ஸ் நாட்டுக் குத்துச்சண்டை வீராங்கனை லாரன் பிரைஸ் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். வேல்ஸ் அணிக்காகக் கால்பந்து, கிக் பாக்ஸிங்கில் உலகப் பட்டம், டேக்வாண்டோ, டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் தங்கம், 2022இல் தொழில்முறைக் குத்துச்சண்டை என்று வரிசை சரியாகவே இருந்தது. ஆனால் தொட்டதெல்லாம் துலங்கிய பிறவித் திறமை என்று முடித்துவிட்டதுதான் உறுத்துகிறது. பழைய விளையாட்டு மூச்சையும் காலையும் கொடுக்கும் என்பது உண்மை. கூடவே, குத்துச்சண்டையில் அடிவாங்க வைக்கும் பழக்கங்களையும் கொடுக்கும். அவற்றை உதறுவதற்குத்தான் வருடங்கள் பிடிக்கின்றன.

கிக் பாக்ஸிங்கில் உதை எட்டும் தூரம்தான் கணக்கு. அதே தூரத்தில் நின்று ஜாப் (முன்கையால் நேராகக் குத்துவது) போட்டால் கை எட்டாது. எட்ட வைப்பதற்காக, அங்கிருந்து வந்தவர் இடுப்பிலிருந்து முன்னால் சாய்வார். தாடை தானாகவே எதிராளியின் பின்கைக்கு நேரே போய் நிற்கும். குனிந்தால் முகத்தில் உதையோ முழங்காலோ விழும் என்பதால் அங்கே நிமிர்ந்து நின்றே பழகியிருப்பார். இங்கே தலை அசையாவிட்டால் வருகிற ஜாப் எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முன்காலைத் தூக்கி உதையைத் தடுக்க, எடையைப் பின்காலில் வைத்திருப்பார். எடை அங்கேயே தங்கிவிட்டால் கிராஸில் (பின்கையால் நேராகக் குத்துவதில்) பலம் இறங்காது. ஒலிம்பிக் டேக்வாண்டோவில் முகத்தில் குத்த விதியே இல்லை, ஆகவே கார்டு (முகத்தைக் காக்கும் கைகள்) கீழே தொங்கும்.

கால்பந்து ஆடியவருக்கு மூச்சு பிரச்சினை இல்லை, தோள்தான் பிரச்சினை. 90 நிமிடம் ஓடுகிறவரின் கைகள்கூடக் கன்னத்தருகே சில ரவுண்டுக்குத் தாங்காமல் இறங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, காலைப் பின்னிப் போடுவது. மைதானத்தில் பக்கவாட்டில் ஓட அது தேவை. ரிங்கில் இடப்பக்கம் போக இடக்கால்தான் முதலில் நகர வேண்டும். அது போன அளவே வலக்கால் பின்தொடர வேண்டும். கால்கள் பின்னியிருக்கும் அந்த நொடியில் லேசான ஜாப் பட்டாலும் கிளவுஸ் தரையைத் தொட்டுவிடும். குத்துப் பட்டு விழுந்தால் அது நாக்டவுன்தான், வலித்ததா இல்லையா என்று நடுவர் கேட்கமாட்டார். 8 வரை எண்ணுவார். பெரும்பாலும் அந்த ரவுண்டு 10-8, அதாவது விழுந்தவருக்கு 8 புள்ளிதான். கணுக்கால்களில் எலாஸ்டிக் பட்டை மாட்டி, தோள் அகலம் குறையாமல் நாள்தோறும் நகரவிடுவது இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான்.

அயர்லாந்துக் கால்பந்து அணியில் 11 ஆட்டங்கள் ஆடிய குத்துச்சண்டை வீராங்கனை கேட்டி டெய்லர் பாய்ந்து உள்ளே போய், குத்திவிட்டுக் கோணம் மாறி வெளியே வருவதைப் பாருங்கள். திசை மாற்றும் வேகம் கால்பந்துக்காரருடையது. கால் வைப்பது முழுக்கக் குத்துச்சண்டை. 2025 மார்ச்சில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிரைஸ் வென்ற நடாஷா ஜோனஸும் கால்பந்து உதவித்தொகையில் அமெரிக்கா போய், முழங்கால் காயத்துக்குப் பிறகு குத்துச்சண்டைக்கு வந்தவர். கட்டுரை இதைக் கவனிக்கவே இல்லை.

ஒரு திருத்தமும் உண்டு. தொழில்முறைக்கு வந்தால் ரவுண்டு நீளும் என்று எழுதியிருந்தீர்கள். பெண்களுக்கு நேர்மாறு. ஒலிம்பிக்கில் 3 நிமிடம் வீதம் 3 ரவுண்டு. தொழில்முறைப் பட்டப் போட்டியில் வழக்கமாக 2 நிமிடம் வீதம் 10 ரவுண்டு. மொத்த நேரம் 9 நிமிடத்திலிருந்து 20 ஆகிறது, ஆனால் எதிராளியைத் தடுமாற வைத்த பிறகு முடித்துவிட நேரம் கிடைப்பதில்லை, அதற்குள் மணி அடித்துவிடும். பெண்கள் சண்டையில் நாக் அவுட் குறைவு என்று குறைப்படுபவர்கள் ரவுண்டுக்கு ரவுண்டு குறைந்துபோன அந்த ஒரு நிமிடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உலகப் பட்டம் வென்ற அமாண்டா செரானோ 2023இல் 3 நிமிடம் வீதம் 12 ரவுண்டுக்கு இறங்கினார். அதை ஏற்காத உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் (டபிள்யூ.பி.சி.) பட்டத்தையும் விட்டுக்கொடுத்தார்.

கையும் மாறுகிறது. டோக்கியோவில் பெண்களுக்குத் தலைக்கவசமும் 10 அவுன்ஸ் கிளவுஸும். தொழில்முறையில் தலைக்கவசம் கிடையாது, வெல்டர்வெயிட் (66.7 கிலோ) வரை 8 அவுன்ஸ் கிளவுஸ். கிளவுஸுக்குள் கையில் சுற்றும் துணிப்பட்டைக்குப் பதில் காஸும் (காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணி) டேப்பும். சுற்றுவதை எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், அதிகாரி டேப்பின் மேலேயே கையெழுத்திடுவார். சுற்றும்போது விரல்களை அகல விரித்து வைக்க வேண்டும். ஒடுக்கி வைத்துச் சுற்றினால் முஷ்டி மடக்கியதும் கட்டு இறுகி, பாதிச் சண்டையில் கை மரத்துப்போகும். மணிக்கட்டில் கட்டு தளர்ந்தால் கையில் காயம் படலாம்.

எடை விஷயத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. ஒலிம்பிக்கில் சண்டை உள்ள ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள், ஆகவே தண்ணீரை வற்றவைத்து ஏமாற்ற முடியாது. தொழில்முறையில் முந்தைய நாளே பார்த்துவிடுவார்கள். பிரைஸ் 75 கிலோவிலிருந்து 66.7 கிலோவுக்கு வந்தவர். இந்த 8 கிலோ, மாதக்கணக்கில் உணவில் குறைய வேண்டியது. கடைசி வாரத்தில் வியர்த்து இறக்கினால் ஆறாம் ரவுண்டில் கால் நகராது, தலையில் விழும் அடியும் கூடுதல் ஆபத்தாகும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் தேங்கும் நீர் ஒரு கிலோ வரை கூட்டிக் காட்டலாம். சண்டைத் தேதியை ஒப்புக்கொள்ளும்போதே நாட்காட்டியில் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை எந்த விளையாட்டுப் பக்கமும் எழுதிப் பார்த்ததில்லை.

இனி பெண்கள் சண்டைச் செய்தி போடும்போது எத்தனை ரவுண்டு, எத்தனை நிமிடம், எடை வரம்பு, கிளவுஸ் அவுன்ஸ், மூன்று நடுவர்களின் புள்ளிகள் ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் அச்சிடுங்கள். நான்கு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
குத்துச்சண்டைப் பயிற்சியாளர்கள் சிலர்