மெனுவில் இரண்டு வரி காலியாக இருக்கட்டும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தை முகூர்த்தங்களுக்கு எங்களிடம் கல்யாணச் சமையலுக்கு முன்பதிவு செய்தவர்களில் சிலர் போன் செய்து கேட்டார்கள்: "மெனு தாளில் பொரியல், கூட்டு இரண்டுக்கும் நேரே 'அன்றைய காய்' என்று மட்டும் இருக்கிறதே, எழுத மறந்துவிட்டீர்களா?" மறக்கவில்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து பீன்ஸ் உசிலி, கேரட் கோஸ் பொரியல் என்று எழுதிக்கொள்கிறோம். காய் வாங்குவதோ முந்தின நாள் விடியற்காலை இரண்டு மணிக்குக் கோயம்பேட்டில். கேரட் நீலகிரியிலிருந்து இறங்கி வர வேண்டும். மலைப்பாதையில் மண் சரிந்தால் லாரி வராது. தக்காளிக்குப் பெரும்பாலும் ஆந்திராவையும் கர்நாடகாவையும் நம்பியிருக்கிறோம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது நினைவிருக்கும். இலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி முடித்த ஆர்டர்கள் அப்போது எங்கள் கையில் வரிசையாக இருந்தன.

தக்காளி இல்லாமல் ரசமா என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது எங்கள் பெரிய மாஸ்டர் சிரித்தார். "திவசச் சமையலில் தக்காளி ஏதுடா?" வாஸ்தவம். அந்தச் சமையலில் தக்காளி, கேரட், கோஸ், பீன்ஸ் எதற்கும் இடமில்லை. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, புடலங்காய், கொத்தவரை; காரத்துக்கு மிளகு. அந்தக் கைப்பழக்கம் உள்ளவருக்குத் தக்காளி விலை ஒரு பொருட்டே இல்லை. அந்த மாதம் முழுக்க மிளகு ரசமும் எலுமிச்சை ரசமும்தான் ஓடின. இரண்டு வீட்டில் செய்முறைகூடக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். (அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சம்பந்தி வீட்டாரிடம் நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.)

விலை ஏறினால் சமாளித்துவிடலாம். மழை வேறு மாதிரி. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். ஆந்திராவில் பாபட்லா அருகே மறுநாள்தான் கரை கடந்தது, ஆனால் சென்னையை முதல் நாள் இரவிலிருந்தே நனைத்துத் தள்ளிவிட்டது. அன்று ஓர் அறுபதாம் கல்யாணம். நட்சத்திரம் பார்த்து வைத்த நாள், தள்ளிப்போட வழியில்லை. 300 இலை ஆர்டர். பாத்திரமும் மளிகையும் முந்தின நாள் மத்தியானமே மண்டபத்துக்குப் போய்விட்டதால் பிழைத்தோம். விடிந்து பார்த்தால் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை, பால் வண்டி வரவில்லை. பதினோரு பேர் வர வேண்டிய சமையல்கட்டில் ஆறு பேர். பந்திக்கு வந்தவர்கள் பக்கத்துத் தெருக்களிலிருந்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்து வந்த நாற்பத்திரண்டு பேர்.

கிரைண்டர் ஓடாது, அதனால் வடை இல்லை. அப்பளமும் மோர்மிளகாயும் பொரித்தோம். பால் இல்லை, சேமியா பாயசம் போயிற்று. தேங்காய் மட்டும் மூட்டையாகக் கிடந்தது. ஆளுக்கொரு அரிவாள்மணை போட்டுத் துருவி, வெந்நீர் விட்டுக் கையாலேயே பிழிந்து, வெல்லம் போட்டுப் பருப்புப் பாயசம் வைத்தோம். சோறு எப்போதும் எங்களிடம் கடைசி வேலை; பந்திக்குப் பந்தி பார்த்துத்தான் அரிசியை உலையில் போடுவோம். அதனால் மூட்டை அரிசி அப்படியே தப்பியது. இரவே நறுக்கி வைத்த காய்தான் பிரச்சினை. அத்தனையையும் ஓர் அண்டாவில் கதம்ப சாதமாக்கினோம். வீட்டுக்காரர் சொன்னபடி அது பொட்டலமாகி, அந்தத் தெருவின் மாடி வீடுகளுக்குக் கயிற்றுக் கூடையில் ஏறியது. பிரிக்காத மளிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்தத் தொகையைப் பில்லில் கழித்தோம்.

நாங்கள் சரியாக நடக்காத நாளும் உண்டு. ஓர் ஆவணி முகூர்த்தத்தில் மாஸ்டருக்குக் காய்ச்சல். வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு ஆளை அனுப்பினோம். சாம்பாரிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆள் மாறியதைவிடச் சொல்லாமல் மாற்றியதுதான் அவர்களுக்குக் கோபம். நியாயம்தான். இப்போது எது மாறினாலும், காய் ஆகட்டும் ஆள் ஆகட்டும், முதல் நாள் இரவு பத்து மணிக்குள் உங்களுக்குப் போன் வரும். காய் மட்டும் முந்தின நாள் விடியற்காலையில் சந்தையிலேயே மாறலாம். அந்த நேரத்தில் உங்களை எழுப்ப மாட்டோம், வாட்ஸ்அப்பில் தகவல் இருக்கும்.

அதனால்தான் அந்த இரண்டு வரி. மற்றதில் கை வைக்க மாட்டோம். இனிப்பு, வடை, பாயசம், உங்கள் வீட்டு வழக்கப்படி கேட்டவை எல்லாம் எழுதியபடியே வரும். மேலே சொன்ன மாதிரி வானம் பொத்துக்கொண்டால் மட்டும் பொறுத்தருள வேண்டும். வெங்காயம் பூண்டு கூடாது என்றால் எந்த மாற்றிலும் கூடாது. நிலக்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அவசரத்தில் மாற்றும்போதுதான் அது தவறிப் போகும்.

இலைக் கணக்கை மூன்று நாள் முன்பு உறுதி செய்தால் போதும், அதற்கு மேல் பத்து இருபது கூடினாலும் குறைந்தாலும் பார்த்துக்கொள்கிறோம். நிகழ்ச்சியே நின்றுபோனால், ஒரு வாரம் முன்பு சொன்னால் முன்பணம் முழுதும் திரும்பும். அதற்குப் பிறகு என்றால், வாங்கிவிட்ட அழுகும் பொருளுக்கு மட்டும் ரசீது காட்டிக் கழிப்போம். தேதி மாற்றினால் எதுவும் கழிப்பதில்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது வாங்கிய முன்பணங்களைத் திருப்பித் தர எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த மாதிரி இன்னொரு தடவை யாரையும் காக்க வைக்க எங்களுக்கு விருப்பமில்லை. முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறோம்.

"எனக்கு எழுதியது எழுதியபடிதான் வேண்டும்" என்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். அந்த இரண்டு வரியையும் நிரப்பித் தருகிறோம். அன்றைய சந்தை விலைக்கு மட்டும் நீங்கள் சம்மதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சமையல் காண்டிராக்டர்கள்

பி.கு.: ஐப்பசி ஆர்டர்களில் எங்கள் எவர்சில்வர் தூக்குவாளி நான்கு யார் வீட்டிலோ தங்கிவிட்டன. அடியில் சிவப்புப் பெயின்ட் புள்ளி இருக்கும். இருந்தால் ஒரு போன் செய்யுங்கள், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம்.