எங்கள் சேமலாப நிதியைப் பற்றி எங்களிடமும் பேசுங்கள்

இலங்கை மத்திய வங்கியின் ஆளுகைச் சபையினருக்கு,

வணக்கம்.

நான் தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வொருவர் சம்பளத்திலும் 8 வீதத்தைக் கழித்து, நிறுவனத்தின் 12 வீதத்தையும் சேர்த்து, மாதாமாதம் ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்புவது என் பொறுப்பு. அதனால் 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசு உள்நாட்டில் வாங்கிய கடன்களின் நிபந்தனைகளை மாற்றும் திட்டம், பற்றிய செய்தி வந்ததும் எல்லோரும் என் மேசைக்குத்தான் வந்தார்கள். "அக்கா, எங்கட ஈபிஎஃப் காசுக்கு என்ன நடக்கும்?" இந்த நிதியின் பணத்தை முதலீடு செய்வது மத்திய வங்கி என்பதால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வாரம் ஜூன் 30ஐ வங்கி விடுமுறையாக அறிவித்தார்கள். ஜூலை 1, சனிக்கிழமை, நாடாளுமன்றத்தில் 122க்கு 62 என்ற வாக்குகளில் திட்டம் நிறைவேறியது. ஓய்வூதிய நிதிகளுக்கு முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. கையிலிருக்கும் திறைசேரி முறிகளை, அதாவது அரசு கடன் வாங்கும்போது கொடுத்த பத்திரங்களை, திருப்பிக் கொடுத்துவிட்டு, 2027 முதல் 2038 வரை முதிர்கிற புதிய முறிகளை வாங்கலாம். அவற்றுக்கு முதலில் 12 வீத வட்டி, 2026இலிருந்து 9 வீதம். மறுத்தால், முறி வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 வீதமாகும். இதைத் தெரிவு என்று சொல்வது கடினம். நீங்கள் மாற்றிக்கொண்டதைக் குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வங்கிகள் வைத்திருந்த முறிகளைத் தொடாமல் விட்டதற்கும் காரணம் உண்டு. வங்கி விழுந்தால் எங்கள் சேமிப்பும் சேர்ந்தே விழும். ஆனால் சுமையை எங்கள் தோளில் வைத்தபோது, அங்கத்தவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே.

அதற்கு முந்தைய வருடத்துக் காயம் இன்னும் பெரியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், டிசம்பரில்கூட 57.2 வீதம். அந்த வருடத்துக்கு நிதி தந்த வட்டி 9 வீதம். 2021 முடிவில் 10 இலட்சம் ரூபா மீதி வைத்திருந்தவரின் கணக்கு 10 இலட்சத்து 90 ஆயிரமாகியது. ஒரு வருடத்துக்கு முன் 10 இலட்சத்துக்கு வாங்கிய அதே பொருட்களுக்கு இப்போது 15 இலட்சத்து 72 ஆயிரம் வேண்டும். 2021 முடிவின் விலையில் கணக்கிட்டால், அவருடைய பணத்தின் பெறுமதியில் ஏறக்குறைய 3 இலட்சம் போய்விட்டது. அவருக்கு வந்த கூற்றில் மட்டும் தொகை கூடியிருந்தது.

பிறகு நிலைமை திரும்பியது, உண்மைதான். 2023க்கு 13 வீதமும் 2024க்கு 11 வீதமும் வந்தன, விலைவாசியும் அடங்கியது. நெருக்கடியில் நீண்டகால நிதி பதறக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பொறுத்திருக்கிற வாய்ப்பு நிதிக்கு இருக்கிறது, மனிதருக்கு இல்லை. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்ற வயது 2022இல் வந்துவிட்டவர் என்ன செய்வார்? முழுத் தொகையையும் மொத்தமாக, மிக மோசமான நேரத்தில் எடுத்தார். 2021இல் போனவருக்கும் 2022இல் போனவருக்கும் ஒரே உழைப்பு, ஒரே 20 வீதம். கிடைத்த வாழ்க்கை மட்டும் வேறு. மருந்தும் அரிசியும் பாதிப் பங்காகக் குறைந்த வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வருடம் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிகளை நினைத்தால் மனம் ஆறவில்லை. நாட்கூலியில் பிடித்த காசு அது.

ஆகவே, விரும்புகிறவர்கள் தம் பணத்தை நிதியிலேயே விட்டு, மாதாமாதம் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்ள வழி செய்யுங்கள். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம், வீட்டுக் கடன் அடைக்க மொத்தமாக எடுக்க வேண்டியவர் எடுக்கட்டும். ஆனால் மோசமான வருடத்தில் ஓய்வு பெறுகிறவருக்கு, முழுவதையும் ஒரே விலைவாசியில் மாற்ற வேண்டிய நிலை வரக் கூடாது. சட்டத் திருத்தம் தேவைப்பட்டால் தொழில் அமைச்சோடு சேர்ந்து அதை முன்வையுங்கள்.

இன்னொன்று, முதலீட்டு முடிவு எடுக்கும் இடத்தைப் பற்றியது. நிதியின் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அரச பிணையங்களில், அதாவது முறிகள் போன்ற அரசின் கடன் பத்திரங்களில், இருக்கிறது. அரசுக்காக முறிகளை விற்றதும் நீண்ட காலமாக மத்திய வங்கிதான், எங்களுக்காக அவற்றை வாங்கியதும் மத்திய வங்கிதான். 2024ஆம் ஆண்டின் பொதுப்படுகடன் முகாமைத்துவச் சட்டத்தோடு விற்கும் வேலை நிதியமைச்சின் பக்கம் போகிறது, நல்லது. வாங்கும் பக்கத்தில் இப்போதாவது எங்களுக்கு இடம் வேண்டும். 1958இல் தொடங்கிய நிதி இது. அங்கத்தவர் தெரிவு செய்த பிரதிநிதிகள், பெண் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் உட்பட, முதலீட்டு முடிவுகளில் அமர வேண்டும். அடுத்த நெருக்கடியில் முறி மாற்றமோ வரியோ வந்தால், நாடாளுமன்றத்துக்குப் போகுமுன் அவர்களிடம் வர வேண்டும்.

உடனடியாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் அனுப்பும் வருடாந்தக் கூற்றில், மீதிக்குக் கீழே, அந்த வருட வட்டியையும் அந்த வருடப் பணவீக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் அச்சிடுங்கள். சிங்களத்திலும் தமிழிலும், எல்லோரும் வாசிக்கக்கூடிய அளவு எழுத்தில். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படாது.

இப்படிக்கு,
நிதியின் அங்கத்தவர் ஒருவர்