பின்னப் பாடமும் சம பாகங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில், பின்னப் பாடத்தைப் பற்றிச் சில கருத்துகளைத் தங்கள் இதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

குழந்தைகளுக்குத் தரப்படும் பெரும்பாலான பயிற்சிகளில், வட்டமோ செவ்வகமோ முன்கூட்டியே சரிசமமாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாகத்துக்கு வண்ணமும் தீட்டப்பட்டே வருகிறது. வண்ணமிட்டதை எண்ணித் தொகுதியில் எழுதி, மொத்தத்தை எண்ணிப் பகுதியில் எழுதினால் விடை சரியாகிவிடும். பாகங்கள் சமமா என்று பார்க்கும் தேவையே குழந்தைக்கு வருவதில்லை. ஒரு செவ்வகத்தை ஒன்று பெரிதும் மூன்று சிறிதுமாகப் பிரித்து, பெரிய பாகத்துக்கு வண்ணமிட்டுக் காட்டினால், அதையும் 'கால்' என்று தயங்காமல் சொல்லும் குழந்தைகள் பலர். இப்படி எண்ணிப் பழகிய குழந்தைதான், 8 பெரிய எண் என்பதால் 1/4-ஐவிட 1/8 பெரியது என்றும் எழுதுகிறது. காகிதப் பட்டை ஒன்றைத் தன் கையாலேயே இரண்டாக, நான்காக, எட்டாக மடித்த குழந்தைக்கு, மடிப்பு கூடக் கூடத் துண்டு சிறுத்துக்கொண்டே போவது கண்ணெதிரே தெரியும்.

சமம் என்றால் ஒரே வடிவம் என்று நினைத்துவிடுவதும் உண்டு. நீள்சதுரத் தாள் ஒன்றில் மூலைக்கு மூலை இரு கோடுகள் போட்டால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். அவற்றில் இரண்டு ஒடுங்கி உயர்ந்தும், இரண்டு அகன்று தாழ்ந்தும் இருப்பதால், இவை சமமே அல்ல என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஒவ்வொரு முக்கோணத்தையும், இரு கோடுகளும் சந்திக்கும் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுவுக்கு வெட்டச் சொல்லுங்கள். கிடைக்கும் எட்டுத் துண்டுகளும், தேவைப்பட்டால் திருப்பிப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். ஆகவே நான்கு முக்கோணங்களும் கால் பாகங்களே. அதைக் குழந்தைகள் தாமே கண்டுபிடிக்கும்போது வகுப்பில் எழும் ஆரவாரத்துக்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை.

மாறாக, வட்டத்தின் குறுக்கே ஒரே இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டுவிட்டு, மூன்று சம பாகம் என்று நீட்டும் குழந்தைகளும் இருக்கிறார்கள். நடுத்துண்டு பெரிதாக இருப்பதை நாம் சொல்லிவிடாமல், அவர்களே வெட்டி அடுக்கிப் பார்க்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். முழுப்பொருள் எது என்பதும் முக்கியம். பெரிய கடலை மிட்டாயின் பாதியும் சிறியதன் பாதியும் ஒரே அளவாக இரா.

எனவே, சமமாகப் பிரிக்கப்படாத படங்களையும் பயிற்சிகளிலும் தேர்வுகளிலும் சேர்த்து, 'இது கால் பாகமா? எப்படித் தெரியும்?' என்று கேட்க வேண்டுகிறேன். பாடத்தை விரைந்து முடிக்கும் நெருக்கடி ஆசிரியர்களுக்கு இருப்பதை அறிவேன். ஆயினும், பின்னக் குறியீட்டை எழுதத் தொடங்கும் முன், மடிக்கவும் வெட்டவும் பொருத்திப் பார்க்கவும் மட்டுமே சில வகுப்புகளை ஒதுக்கக் கல்வித்துறை அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.